பெல்ட் ஓரத்து நூல்

கீச்சுச் சத்தம் ஆக்சிலேட்டரோடு ஏறவில்லை. ஷைமர்தானுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பெல்ட் கத்தினால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து கத்தும், காலை எடுத்தால் இறங்கும். இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாதா? ஆனால் சாரிஷாகன் ஊரை நெருங்கும்போது ஆரம்பித்த இந்தச் சத்தம், அவன் மிதித்தாலும் விட்டாலும், ஹீட்டர் காற்றின் இரைச்சலுக்கும் கண்ணாடியில் பனி வந்து உரசும் ஓசைக்கும் அடியில், ஒரே சுருதியில், மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தி அழுகிறவர்கள் போல, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

பின்னால் படுத்திருந்த ஒரின்பெக் எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். மனைவியின் தம்பி, மாற்று டிரைவர்.

"மச்சான், அப்படியே எங்க அக்கா குரல்."

"வீட்டுக்குப் போய் அவகிட்டயே சொல்றேன்."

"சொல்லுங்க. எனக்குத் தனி வீடு. உங்களுக்குத்தான் அவ சோறு போடணும்."

ஷைமர்தானுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தெற்கே ஷிம்கெந்த் நகரில் வெங்காயம் ஏற்றிக் கிளம்பி முப்பது மணி நேரம் ஆகிறது. வழியில் புயலுக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த ஒரின்பெக்கை எழுப்பாமல், திறந்ததும் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். பிற்பகல் இரண்டு மணி. புல்வெளியும் வானமும் ஒரே வெள்ளை. எங்கே தரை முடிகிறது என்று தெரியவில்லை.

"நிறுத்திப் பார்த்துரலாம்" என்றான். "பெல்ட் அறுந்தா வாட்டர் பம்ப் நிக்கும், டைனமோ நிக்கும். அப்புறம் நம்மளும் வெங்காயமும் ஒண்ணாத்தான் உறையணும்."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. எஞ்சினை ஓடவிட்டபடியே கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்தார்கள். சூடான எண்ணெய் வாடையும் கருகிய ரப்பர் வாடையும், கூடவே இனம் தெரியாத இன்னொன்றும், ஈரக் கம்பளியை அடுப்பருகே உலர்த்தினால் வருமே அது போல, முகத்தில் அடித்தன. நீளமான ஒற்றைப் பெல்ட் புல்லிச் சக்கரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஃபிளாஸ்கில் மீந்திருந்த தேநீரை அதன் உள்பக்க வரிகளில் ஊற்றினான். பெல்ட் தேய்ந்திருந்தால் ஈரம் பட்டதும் சத்தம் சற்று நிற்கும். தொய்ந்திருந்தால் கூடும்.

நிற்கவுமில்லை. கூடவுமில்லை.

எஞ்சினை அணைத்தான். சத்தமும் அடங்கியது. நீளக் கைப்பிடி ஸ்பானரால், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை நெம்பிப் பெல்ட்டைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தான். வரிகளில் வெடிப்பில்லை. ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, அதிலிருந்து நூல் பிரிந்து தொங்கியது.

"புல்லி எங்கயோ கோணியிருக்கு. அதான் ஓரத்தைத் தின்னிருக்கு."

ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார்கள். டைனமோ சுகமாகச் சுற்றியது. வாட்டர் பம்ப்பில் ஆட்டமில்லை. கீழே, பெல்ட்டுக்கு வழிகாட்டும் வெற்றுப் புல்லி மட்டும் இறுக்கமாக இருந்தது. பேரிங்கில் மணல் புகுந்தால் நரநரக்கும், இது அப்படியில்லை. மெத்தென்று எதையோ நசுக்கியபடி திரும்பியது.

"பெல்ட் இல்லாம அரை நிமிஷம் ஓட்டிப் பாரு. சத்தம் போச்சுன்னா கோளாறு இந்த வரிசையிலதான்."

எஞ்சின் பக்கவாட்டுப் பொத்தானை ஒரின்பெக் அழுத்தினான். எஞ்சின் உறுமியது. கீச்சுச் சத்தமும் வந்தது.

"அணை."

எஞ்சின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரின்பெக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வெற்றுப் புல்லியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் குனிந்தான். நெடுநேரம் அப்படியே இருந்தான். பிறகு மெதுவாக அதை எடுத்து, துடைத்துப் பையில் வைத்தான்.

"என்னடா கேட்டுச்சு?"

"நீங்களே பாருங்க மச்சான். புல்லிக்குப் பின்னால நூல் சுத்தியிருக்கு."

ஷைமர்தான் கையுறையைக் கழற்றி விரலை நுழைத்தான். பெல்ட் நூலாக இருந்தால் சொரசொரவென்றிருக்கும். இது வழுவழுப்பாக இருந்தது. இழுத்தான். வந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். கறுப்பும் நரையும் கலந்து, நனைந்து, நீளமாக.

தலைமுடி.

வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சின் சூட்டில்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்தான். சத்தம் உயர்ந்தது. கையை விட்டான். தாழ்ந்தது.

"மச்சான்." ஒரின்பெக் பெல்ட்டைப் பார்த்தபடி பேசினான். "நீங்க ஓட்டும்போது கண் அசந்துட்டீங்களா?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

சாரிஷாகனுக்கு முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரை தெரிந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் பெட்ரோல் பங்க் ஞாபகம் இருந்தது. நடுவில் நாற்பது கிலோமீட்டர். அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வரலாமே."

"எதைப் பார்க்கப்போறே? எல்லாத்தையும் பனி மூடியிருக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. பெல்ட் இல்லாமல் ஹீட்டருக்குச் சூடு வராது. இன்னும் ஒரு மணி நேரம் இங்கே நின்றால் இருவரையும் மறுநாள்தான் கண்டெடுப்பார்கள். ஷைமர்தான் கத்தியை எடுத்து, முடியைப் புல்லியோடு ஒட்ட அறுத்தான். மூன்று இழுப்பு.

சத்தம் நின்றது.

பெல்ட்டை மாட்டினார்கள். கேபினை இறக்கினார்கள். எஞ்சின் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடியது. அறுத்த முடி பனிமேல் கிடந்ததை ஒரின்பெக் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினான். பிறகு தொப்பியைக் கண்வரை இழுத்து, சாய்ந்து, காய்ச்சல்காரனின் உறக்கத்தில் விழுந்தான். ஷைமர்தான் வடக்கே ஓட்டினான். அடுத்த நகரமான பால்காஷ் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். வெதுவெதுப்பான காற்று முழங்காலில் பட்டது. கண் சொருகியது. ஈரக் கம்பளி வாடை.

கண்ணைத் திறந்தான்.

ஒரின்பெக்குக்கு எதிரே, ஹீட்டர் காற்று வரும் துளைகளில் ஏதோ ஆடியது. கறுப்பாக. நரையாக. ஓர் இழை. பத்து இழை. நுனிகள் எல்லாம் ஒரே நேராக, கத்தியால் அறுத்தது போல. மெல்ல நீண்டன. ஒரின்பெக்கின் மடியில் இறங்கின. மார்பில் ஏறின. தோளில் படிந்தன, களைத்த ஒருத்தி அவன்மேல் தலை சாய்த்திருப்பதுபோல.

எழுப்ப வேண்டும். அதற்கு அந்த முடியைத் தொட வேண்டும்.

நிறுத்தினால் குளிர். ஷைமர்தான் ஓட்டினான். பக்கத்தில், உறக்கத்திலேயே ஒரின்பெக் கையைத் தூக்கி, அந்த முடியை மெதுவாக, ஆறுதலாகக் கோதிவிடத் தொடங்கினான்.