வெறும் வயிற்றில் அன்பு

அன்பை வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும். காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மழை பெய்கிற நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் பேச்சியம்மாள் பல் துலக்கிய கையோடு மகளை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் காதுக்குப் பின்னால் அளவுகோலை அழுத்துவாள். தோலுக்கடியில் கடுகளவு கிடக்கும் பிணைப்புமானி 'கிர்' என்று ஒரு சத்தம் போட்டு எண்ணைச் சொல்லும்.

"இன்னைக்கும் கூடத்தான் இருக்கு," என்றாள் பேச்சியம்மாள். "நேத்து என்னட்டி பேசுனிய ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பேசலம்மா. அங்க புழுதிக் காத்து அடிக்குதாம். அதச் சொன்னாவ."

"புழுதிக் காத்தச் சொன்னதுக்கா இம்புட்டு ஏறும்? மருமவன நெனைச்சுக்கிட்டுத்தான படுத்த?"

குழல்வாய்மொழி எழுந்து முடியை அள்ளி முடிந்தாள். முகம் சொல்லிவிட்டது.

"இப்படிப் பாசமா இருந்தா விசா எப்பட்டி கெடைக்கும்?" என்று தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாவம், நிஜமான கவலை. ஒரு காலத்தில் இதே வீடுகளில் சர்க்கரை கூடிவிட்டது என்று கவலைப்பட்டார்கள். இப்போது இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், பெண்ணைப் பெற்றவளுக்குத்தானே தெரியும்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குலசேகரப்பட்டினம் விண்துறைமுகத்தில் நடைப் பயிற்சிக்கூடம் ஒன்று உண்டு. செவ்வாயில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நம் பூமியில் கால் ஊன்ற வராது. உடம்பைச் சுற்றித் தாங்குசட்டம் மாட்டி, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குழல்வாய்மொழிக்கு அதுதான் வேலை. டோவன் அங்கேதான் வந்து விழுந்தான். செவ்வூர்க் குடியேற்றத்தில் பிறந்தவன், சரக்குக் கப்பல் பொறியாளன், ஒட்டகச்சிவிங்கிபோல ஒல்லியான நெடிய உடம்பு. விழும்போதெல்லாம் அவள் பிடித்தாள். பிறகு பிடிப்பதற்காகவே விழ ஆரம்பித்தான். இதைக் கண்டுபிடித்த அன்று அவள் பிடிக்காமல் விட்டுவிட்டாள், முன்பல் உடைந்தது. அந்த உடைந்த பல்லோடுதான் திருச்செந்தூரில் தாலி கட்டினான்.

அதோடு சந்தோசம் முடிந்தது. பூமியின் இழுப்பை அவன் இருதயம் தாங்கவில்லை, செவ்வாய்க்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. இனி ஒரு தடவை வந்தால் பிணமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவள்தான் அங்கே போக வேண்டும். அதற்கு வாழ்க்கைத்துணை விசா வேண்டும்.

செவ்வூரில் காற்றே தயாரித்துத்தான் மூச்சு விட வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று காற்றுப் பங்கு. வெளியார் உள்ளே போக ஒரே வழி அங்குள்ளவரைக் கட்டிக்கொள்வது. விடுவார்களா நம் ஆட்கள்? போலிக் கல்யாணம் பெருகிப் போயிற்று. அதைத் தடுக்கத்தான் பிணைப்புமானி. கணவன் காதில் ஒன்று, மனைவி காதில் ஒன்று. ஒருவர் நினைப்பு வரும்போது மற்றவர் ரத்தமும் நரம்பும் என்ன செய்கின்றன என்று கணக்கெடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நடிப்பெல்லாம் அதனிடம் செல்லாது.

உண்மையாக நேசிக்கிறவர்களுக்கு என்ன பயம்? அப்படித்தான் இருவரும் நினைத்தார்கள். 'உறவு போலியானது' என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

திருநெல்வேலியில் விசா ஆலோசனை நிலையம் வைத்திருக்கும் தளவாய் இருவரின் அளவுப் படத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, இது என்ன இமயமலை மாதிரி ஏறிக்கிட்டே போவுது? கல்யாணம் ஆனவங்க படம் இப்படியா இருக்கும்?"

"எங்களுக்குள்ள பிரியம் உண்டு சார். அதான் ஏறுது."

"அதான்மா தப்பு. இந்தக் கருவிக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது யாரு தெரியுமா? நம்ம ஊர் புருசன் பொண்டாட்டிதான். கோடிக்கணக்கான நெசத் தம்பதிய வருசக்கணக்கா அளந்து அதுக்குள்ள ஊட்டிருக்கான். அதுல எல்லாம் கோடு தரையோட தரையா கெடக்கு. இவ்வளவு ஒசரத்துல பாத்தா, கருவி என்ன நெனைக்கும்? ஏதோ ஏமாத்துறாங்கன்னுதான் நெனைக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் தருவான். வீட்ல அப்பா அம்மா எப்படி இருக்காங்கன்னு பாத்துப் பழகுங்க."

வீட்டில் அப்பாவும் அம்மாவும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆறுமுகநயினார் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்ப்பார். பேச்சியம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். "உப்பு" என்பார். "ம்" என்பாள். அன்றைய தாம்பத்தியம் அத்தோடு நிறைவுபெறும். குழல்வாய்மொழி இதைக் கவனித்துக் கவனித்து டோவனுக்குச் சொல்லி அனுப்பினாள். செவ்வாய்க்குக் குரல் போய்ச் சேரவே நிமிடங்கள் ஆகும். அவன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பு திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதில் மறுநாள் அளவு எகிறிவிட்டது.

ஆரம்பத்தில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அவன் அனுப்பும் குரலை அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், அரைகுறையாக. "சரி", "பாப்போம்", "அதான் அன்னைக்கே சொன்னேன்லா" என்ற மூன்றையும் அவனும் நெல்லைப் பேச்சிலேயே பழகிக்கொண்டான். அவன் தாயைப் பற்றி அவள் குறை சொன்னாள். அவள் தம்பியைப் பற்றி அவன் குறை சொன்னான். அவளுக்குத் தம்பியே கிடையாது. சண்டை முடிந்ததும் இருவரும் இரண்டு கிரகங்களில் உட்கார்ந்து ரகசியமாகச் சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பது குறைந்தது. சிரித்தால் ஏறுகிறதே.

பிறகு இறங்க ஆரம்பித்தது. பேச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "இன்னைக்கு நல்லா எறங்கியிருக்குட்டி" என்று சொல்லி, அன்று மகளுக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டினாள். குழல்வாய்மொழியும் சந்தோசமாகச் சாப்பிட்டாள். எதற்காக இறங்கியது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை மார்க்கைத்தானே பார்க்கும்.

செவ்வாயின் ஆண்டு நீளம். அங்கே பிறந்தநாள் வருவதற்கு நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகும். டோவனின் அந்தப் பிறந்தநாளைக் குழல்வாய்மொழி மறந்துவிட்டாள். வேண்டுமென்று மறக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நினைவு வந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக் குரல் அனுப்பினாள்.

"பிறந்தநாளா?" என்று பதில் வந்தது. "ஆமா, நீ ஒண்ணும் சொல்லல இல்ல? எனக்கும் தோணவே இல்ல. அத விடு. தண்ணிக் குழாய் மறுபடியும் அடைச்சிக்கிட்டு."

அந்தக் குரலில் கோபமில்லை. ஒன்றுமே இல்லை. நடிக்கிறானா என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்றாம் முறை பாதியிலேயே வேறு வேலைக்கு எழுந்து போய்விட்டாள். அப்படிப் போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

விசா வந்தது. 'மிகச் சிறந்த தம்பதி' என்று சான்று வேறு. பேச்சியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து நார்த்தங்காய் ஊறுகாயைப் புட்டியில் அடைத்தாள். குழல்வாய்மொழி ஜன்னலோரம் நின்றாள். சந்தோசம் வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"யம்மா, எனக்குப் போணும்னே தோணலம்மா. அவங்க மொகம்கூட மனசுல வர மாட்டேங்கு."

"கல்யாணம்னா அப்படித்தாண்ட்டி. அங்க போனா எல்லாம் சரியாயிரும்," என்றாள் பேச்சியம்மாள், மூடியைத் திருகிக்கொண்டே.

பொய் சொல்லிப் போகிறோமோ என்று குழல்வாய்மொழிக்கு உறுத்தியது. கண்ணாடிக் கூரைக்குள் அடைபட்ட ஓர் ஊரில், முன்பின் தெரியாதவன்போல் ஆகிவிட்டவனோடு ஆயுளுக்கும் எப்படி மூச்சு விடுவது என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். மறுநாள் காலையில் விசா அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் இருந்தது இயந்திர அலுவலர். புத்தகத் தமிழ் பேசும், மிகவும் மரியாதையானது.

"ஒரு தப்பு நடந்துட்டு," என்றாள். "எங்களுக்கு விசா குடுத்திருக்கிய. ஆனா எங்களுக்குள்ள இப்போ ஒண்ணும் இல்ல."

"தெரியும் அம்மா. அதனால்தான் கொடுத்தோம்."

"முதல்ல விண்ணப்பம் போட்டப்போ நெசமாவே உயிரா இருந்தோம். அப்போ இல்லன்னுட்டிய."

"ஆம். காதலிப்பவர்களுக்கு இந்தப் பிரிவில் விசா கிடையாது. கணவன் மனைவிக்கு மட்டும்தான்."

அதில் கிண்டல் ஒன்றுமில்லை. கற்றுக்கொடுத்ததைச் சொன்னது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன்னே நகர்ந்தார்கள்.

வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து டோவனுக்குக் குரல் அனுப்பினாள்.

"டோவா, விசா ஆபீஸ்ல இருந்து வாரேன். நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு உறுதியா தெரிஞ்ச பொறவுதான் குடுத்தாவளாம். நானும் ஆமா, இல்லன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது எனக்கு ஒண்ணும் ஆவல. இப்போ..." உடைந்த பல்லோடு அவன் நின்ற நிற்பு எங்கிருந்தோ மனசுக்கு வந்துவிட்டது. பட்டப்பகலில், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அவள் அழுதாள். எத்தனையோ மாதமாக வராத அழுகை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வர வேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், அப்போதும் வரவில்லை. அவனுக்கு இதுவும் தண்ணிக் குழாய்போலத்தான் என்று நினைத்துக்கொண்டு முகம் கழுவப் போனபோது அறிவிப்பு வந்தது. அவனிடமிருந்து அல்ல, அலுவலகத்திலிருந்து.

'தங்கள் பிணைப்புமானியும் தங்கள் கணவரின் பிணைப்புமானியும் இன்று அனுமதிக்கப்பட்ட அளவைப் பெருமளவு கடந்துள்ளன. உண்மையான தம்பதியரிடம் இந்நிலை காணப்படுவதில்லை. தங்கள் உறவு போலியானது என முடிவு செய்யப்பட்டு, விசா ரத்து செய்யப்படுகிறது. இனி விண்ணப்பிக்க இயலாது.'

'தங்கள் கணவரின்' என்ற இடத்திலேயே அவள் கண் நின்றுவிட்டது. அவளுடையது மட்டும் இல்லை. அவன் ஏன் பேசவில்லை என்று இப்போது புரிந்தது. பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவு தூரத்தில், தனியாக. இனி அவன் இங்கே வர முடியாது. இவள் அங்கே போக முடியாது. குழல்வாய்மொழி அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு வந்ததிலேயே பெரிய காதல் கடிதம் அதுதான்.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தாள். ஊறுகாய்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரு ஒலகத்துல எல்லாரும் இருக்கத்தான செய்தாவ," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கடைசி வரைக்கும் புருசன் பொண்டாட்டியா இருக்கத் தெரியலையேட்டி உங்க ரெண்டு பேருக்கும்."