நீக்கப்பட்ட சைபர்கள்

பட்டியலில் அந்தப் பெயர் இருந்திருக்கக் கூடாது.

எழில்மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. கல்வராயன். தம்பி வெற்றிவேல் தன் இணையப் பொட்டிக்கு வைத்த பெயர். வயரெல்லாம் பிடுங்கி, சாக்கில் சுற்றி, அடுத்த அறையில் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடக்கிற பொட்டி எப்படி வேகம் காட்டும்?

சங்கராபுரத்தில் அன்று பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் நின்ற வீட்டில் மத்தியான வெக்கை சுவரெல்லாம் ஏறியிருந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருவில் முக்கி முனகிப் போய்த் தேய்ந்து மறைய, பேட்டரியிலும் செல்போன் நெட்டிலும் ஓடிய லேப்டாப்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

யார் எங்கிருந்து எதைப் பார்க்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாதபடி, பல ஊர்ப் பொட்டிகள் வழியாகச் சுற்றிவிடும் இணைய வலை ஒன்று. எந்தப் பொட்டி எவ்வளவு வேகம் தாங்கும் என்று இராப்பகலாக அளந்து வருகிற எண்களைச் சுருக்கி, வாரம் ஒரு அறிக்கை தருவது எழில்மதியின் வேலை. மலைப் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். அந்த நேரத்துச் சைபர்களையும் சேர்த்தால் நல்ல பொட்டிக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். அதனால் சைபர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தின் நடு எண்ணை எடுப்பாள். அவளே போட்ட விதி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மலையில் கேபிள் லைன் பார்த்துக்கொண்டிருந்த வெற்றிவேலுக்கு இந்த விதி தெரியாது.

"மேல செல்லு எடுக்கிறதில்லக்கா. எனக்கு எதனா ஒண்ணுன்னா பொட்டிய அணைச்சு அணைச்சுப் போடுவேன். உன் கணக்குல சைபரு வரும்ல? ஓடியாந்துடு."

சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தாள். விதியைச் சொல்ல மறந்துபோனாள்.

போன ஐப்பசி மழையில், அந்தப் பொட்டி இருந்த கேபிள் மிஷின் ரூமின் மண்சுவர் அவன் மேல் சரிந்தது. பொட்டியை எட்டிய ஒரு கைதான் வெளியே இருந்தது. அந்த வாரம் கல்வராயனுக்கு நேரே 'சீராக உள்ளது' என்று போட்டு அனுப்பிவிட்டு, அவள் கள்ளக்குறிச்சிக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான், தூக்கிப் போட்ட எண்களைத் திறந்து பார்த்தாள். ராத்திரி முழுக்க அணைத்து அணைத்துப் போட்டிருந்தான். விடியும்போதுதான் நின்றிருந்தது. அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கல்வராயனின் இந்த வாரத்து எண்களுக்குப் போனாள். திறந்தாள்.

சைபர். வேகம். சைபர். வேகம்.

டக்.

அடுத்த அறையிலிருந்து வந்தது சத்தம். திரையில் புதிதாக ஒரு சைபர் விழுந்தது.

"இன்னாடி மதி அது? கட்டிலுக்கடில டக்கு டக்குன்னுக்கினு கெடக்குது." அம்மா அமிர்தத்தின் தூக்கக் குரல்.

"எலியா இருக்கும்மா."

"அவன் பொட்டியக் கடிச்சிறப் போவுது. புள்ள தொட்ட பொருளுன்னு அது ஒண்ணுதான் வூட்ல இருக்குது." அம்மா புரண்டு படுக்கக் கட்டில் கிறீச்சிட்டது. "ஏண்டி, புள்ள கஷ்டப்படாமத்தானே போச்சு?"

சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. திரும்பவும் அந்தப் பழைய பொய்யே வாயில் வந்தது.

"ஆமாம்மா. சொடக்குப் போடுற நேரந்தான்."

டக். டக். டக்.

எழில்மதி கல்வராயன் வரியை அழித்தாள். மறுபடி வந்தது. அழித்தாள். வந்தது. பயத்தில் தன் விதியையே ஓட்டினாள். சைபர்கள் எல்லாம் உதிர்ந்தன. மிஞ்சிய வரியில் 'சீராக உள்ளது' என்று எழுந்து நின்றது.

சத்தம் நின்றது.

பிறகு வாசனை வந்தது. காய்ந்து வெடித்த மத்தியானத்தில் ஈர மண் வாசனை. மழையில் ஊறி இடிந்த சுவரின் வாசனை.

"அம்மா?"

எழுந்தாள். நிலைப்படி. அறைக்குள் இருட்டு. ஜன்னலைச் சாத்தியது யார்? அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள்.

டக்.

எழில்மதி மண்டியிட்டாள். தரை சில்லென்று இருந்தது. கையில் சேறு ஒட்டியது. குனிந்தாள்.

சாக்கு விலகிக் கிடந்தது. வயரில்லாத பொட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முழங்கை வரைக்கும் ஒரு கை. அதற்கு மேல் ஈர மண். நகமெல்லாம் பிய்ந்திருந்தது. கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது.

அழுத்தியது. இருட்டு.

அழுத்தியது. வெளிச்சம்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றது, அக்கா வருகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பதுபோல. பிறகு மறுபடி அழுத்தியது.