4417 என்று முடியும் கணக்கு

"எடுக்காத பணத்துல ஒரு ரூபாகூட நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வடிவு உள்ளே வந்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது துர்காவின் துப்பறியும் அலுவலகம். துர்காவுக்கு ஐம்பது வயது. அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் காஞ்சிபுரத்தில் இல்லை. உதவியாளர் யேசுதாஸ் அதற்கு நேர்மாறு. இருபது வருடம் ஆட்டோ ஓட்டியவர். வந்தவர் உட்காருவதற்குள் குற்றவாளி யாரென்று சொல்லிவிடத் துடிப்பவர்.

"உக்காரும்மா. யார் திருப்பிக் கேக்கறாங்க?" என்றார் துர்கா.

"எங்க மொதலாளி. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள எண்பதாயிரத்தைக் கட்டிட்டு வேலையை விட்டு நின்னுடணுமாம். இல்லன்னா போலீஸாம்."

வடிவுக்கு முப்பது வயதிருக்கும். காந்தி ரோட்டில் உள்ள கண்ணாயிரம் பட்டு மாளிகையில் பத்து வருடமாக வேலை. போன ஆவணியில்தான் முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு அவளைத் தலைமையாகப் போட்டிருந்தார்கள்.

"எங்க அப்பா வீராசாமி அதே ரோட்டுல மூட்டை எறக்கினவரு மேடம். கடைப் படியைத் தாண்டி உள்ள போனதில்ல. நான் அந்த வெள்ளை மெத்தை மேல உக்காந்து புடவை விரிக்கிறேன். பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். திருடின்னு பேர் வாங்கிக்கினு எங்க ஊரு ஏனாத்தூர்ல நான் எப்டி நடக்கறது?"

முந்தின நாள் தென்னேரியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். முகூர்த்தப் புடவைக்கு எண்பதாயிரம் முன்பணம், ரொக்கமாக. வடிவு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை மேசை டிராயரில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பணம் இல்லை. இன்று காலை முதலாளி டிராயரைக் கவிழ்த்துக் கொட்டியபோது, அடியிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது.

அதை வடிவு கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். யேசுதாஸ் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார்.

"வங்கில பணம் போடற மெஷினோட ரசீது. பெயர் வடிவு. தொகை எண்பதாயிரம். கணக்கு எண் வெறும் எக்ஸ் எக்ஸா போட்டுக் கடைசில மட்டும் 4417."

"எனக்கு இருக்கறது ஒரே கணக்குதான் மேடம். அது 0926ன்னு முடியும். பாஸ்புக்கைக் கொண்டாந்து காட்டினேன். 'அப்போ 4417ன்னு இன்னொரு கணக்கை மறைச்சு வச்சிருக்கே'ன்றாங்க. இல்லாத கணக்கை இல்லன்னு எப்டிக் காட்டறது?"

துர்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சீட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு கோடு ஓடியது.

"தென்னேரிக்காரங்களுக்குக் குடுத்த ரசீதைப் படம் எடுத்து வச்சிருக்கியா?"

இருந்தது. அதன் ஓரத்திலும் அதே கோடு.

"பில் போடற தாள் சுருள் தீரப் போறப்போ இந்தச் சிவப்புக் கோடு வரும். நேத்து உங்க கடைச் சுருள் தீர்ற நிலைமையில இருந்திருக்குது. வங்கிச் சீட்டுலயும் அதே எடத்துல அதே கோடு. இது வங்கியில வந்ததில்ல, உங்க கடை மெஷின்ல அச்சடிச்சது. அதை யாரெல்லாம் தொடுவாங்க?"

"நானு. கணக்கர் குப்புசாமி சார். ஏஞ்சல்னு ஒரு பொண்ணு, மார்கழில வேலைக்குச் சேர்ந்தா. அப்புறம் சரத்குமார், மொதலாளியோட அக்கா பையன்."

"அந்த அக்கா பையன்தான்!" என்றார் யேசுதாஸ்.

"ஏன்?"

"பேரைக் கேட்டதும் தோணிச்சு மேடம்."

துர்கா சிரிக்காமல் வடிவு பக்கம் திரும்பினார். "உன் வங்கி விவரம் இவங்கள்ல யாருக்குத் தெரியும்?"

"குப்புசாமி சாருக்குக் கணக்கு நம்பர் தெரியும். மாசாமாசம் சம்பளம் போடறவரு அவருதான். போன மாசம் நான் காய்ச்சல்ல கெடந்தப்போ ஏஞ்சல்கிட்ட கார்டைக் குடுத்துப் பணம் எடுத்தாரச் சொன்னேன்."

"ரகசிய எண்ணையும் சொன்னியா?"

வடிவு தலையைக் குனிந்தாள்.

"அதுக்குத் தனியா திட்டறேன். கார்டைக் காட்டு."

கார்டின் பதினாறு இலக்கங்கள் 8052 என்று முடிந்தன. யேசுதாஸ் முகம் தொங்கிவிட்டது. "கணக்கு 0926. கார்டு 8052. சீட்டுல 4417. எதுவும் ஒட்டலையே மேடம்! கடைசி நாலு நம்பரைச் சும்மா அடிச்சு வுட்டுட்டானா?"

"பேரைச் சரியாப் போட்டவன் நம்பரைச் சும்மா அடிப்பானா? வடிவு, இந்தக் கார்டு புதுசா இருக்குதே, எப்ப வந்துச்சு?"

"கார்த்திகைல. பழசுக்குக் காலம் முடிஞ்சு போச்சுன்னு வங்கில மாத்திக் குடுத்தாங்க."

"பழசு எங்க?"

வடிவு கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டா வெட்டிடச் சொன்னாங்க, வெட்டிட்டேன். ஆனா குப்பைல போட மனசு வரல. ஆயுத பூஜைக்குக் கடையில தட்டுல வச்சுப் பொட்டு வச்ச கார்டு. அதைப் போய் எப்டி…? வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன்."

துர்கா எழுந்து கைப்பையை எடுத்தார். "எடுத்துக்கினு நேரா கடைக்கு வா. நாங்க முன்னாடி போறோம்."

*

தை மாத முகூர்த்தக் கூட்டம். கடைக்குள் பத்துப் பதினைந்து பேர் மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கண்ணாயிரம் துர்காவையும் யேசுதாஸையும் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனார். கனமான மனிதர், கனமான குரல்.

"பத்து வருஷம் என் கடையில வேலை பார்த்த பொண்ணுங்க. என்னாலயே நம்ப முடியல. ஆனா சீட்டு கண்ணெதிர்ல இருக்குதே!"

"இருக்கட்டும். உங்க கடை ஆயுத பூஜை பெரிசா நடக்கும்னு கேள்விப்பட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. "இந்த ரோட்டுலயே பெரிசு! துணி அளக்கற கஜக்கோல்லர்ந்து கார்டு தேய்க்கற மெஷின் வரைக்கும் பொட்டு வைப்போம். வேலை செய்யறவங்க அவங்கவங்க ஏடிஎம் கார்டையும் தட்டுல வைக்கணும். சம்பளம் அதுலதானே வருது, அதுவும் ஆயுதம்தானே? எங்க அப்பா காலத்துல சம்பளக் கவரை வைப்பாங்க, நான் கார்டா மாத்திட்டேன்."

"போன பூஜைக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நம்ம சரத்துதான். பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ் போடறேன்னு தட்டைக் கிட்டக்கப் போய்ப் படம் எடுத்தான். டேய், ஜனங்க கார்டு நம்பர் எல்லாம் பளிச்சுனு தெரியுது, ஊருக்கெல்லாம் காட்டுவியான்னு நான்தான் திட்டி நிறுத்தினேன்."

யேசுதாஸ் துர்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"பில் மெஷினைத் தொடற மத்த மூணு பேரையும் கூப்பிடுங்க" என்றார் துர்கா.

குப்புசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். ஏஞ்சல் அழுத கண்ணோடு வந்தாள். சரத்குமார் கைப்பேசியைப் பார்த்தபடியே வந்து மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தான்.

"ஒரு சின்ன வேலை" என்று துர்கா ஆளுக்கு ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். "உங்க வங்கிக் கணக்கு எண்ணோட கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எழுதுங்க."

குப்புசாமி யோசிக்காமல் எழுதினார். ஏஞ்சல் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் திறந்து பார்த்து எழுதினாள். சரத்குமார் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து, அதைப் பார்த்து எழுதி நீட்டினான். "2290. இதுல இன்னா கண்டுபிடிக்கப் போறீங்க?"

"குப்புசாமி சார், இவருக்கு மாசாமாசம் நீங்க பணம் போடற கணக்கு எது?"

"3371ன்னு முடியும்" என்றார் குப்புசாமி. "2290 இல்லியே."

"நீங்க எழுதினது கார்டு நம்பர் தம்பி. கணக்கு நம்பர் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே? கார்டு மேலதானே நம்பர் போட்டுக் குடுக்கறாங்க!"

யேசுதாஸும் அரைமனதாகத் தலையாட்டினார். துர்கா அதைக் கவனித்துவிட்டார்.

"யேசுதாஸ், நீங்க பழைய ஆட்டோவை வித்துப் புதுசு வாங்கினப்போ நம்பர் பிளேட் மாறிச்சா?"

"மாறிச்சு மேடம்."

"உங்க வீட்டு விலாசம்?"

"அது எதுக்கு மாறுது?"

"கணக்கு எண் விலாசம். பணம் வந்து சேர்ற எடம், மாறாது. கார்டு அந்த எடத்துக்குப் போய்வர்ற வண்டி. காலம் முடிஞ்சா, தொலைஞ்சு போனா வேற வண்டி குடுப்பாங்க, வேற நம்பரோட. மெஷின்ல ஒருத்தர் கணக்குக்குப் பணம் போட்டா, ரசீதுல கணக்கு எண்ணோட கடைசி இலக்கங்கள் வரும். தம்பி, உங்க மாமா கையில இருக்கற சீட்டுல கணக்கு எண்ணுன்ற எடத்துல ஒரு கார்டு எண் இருக்குது. இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கற ஆளு அடிச்ச சீட்டு அது."

கண்ணாயிரம் குறுக்கிட்டார். "இருங்கம்மா. இந்தத் தப்பை ஊர்ல யார் வேணா பண்ணுவாங்க. நானே பண்ணுவேன். இதை வச்சு எங்க வீட்டுப் பையனைச் சொல்லிட முடியுமா?"

"முடியாது. அதுக்குத்தான் வடிவு வரணும்."

வடிவு அறை வாசலில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, குறுக்கே வெட்டிய இரண்டு துண்டுகளை மேசைமேல் சேர்த்து வைத்தாள். எழும்பிய இலக்கங்களுக்கு நடுவே சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. துர்கா நகத்தால் அதை மெதுவாகச் சுரண்டினார்.

யேசுதாஸ் எட்டிப் பார்த்துப் படித்தார். "நாலு… நாலு… ஒண்ணு… ஏழு!"

"குப்புசாமி சார் சீட்டு அடிச்சிருந்தா, மாசாமாசம் எழுதற 0926ஐப் போட்டிருப்பாரு. ஏஞ்சல் வேலைக்குச் சேர்ந்ததே மார்கழில. அவ பார்த்தது புதுக் கார்டை. அவ தப்புப் பண்ணியிருந்தா 8052 வந்திருக்கும். 4417ன்றது கார்த்திகையோட செத்துப்போன நம்பர். அந்த நம்பர் தெளிவா விழுந்த படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. ஊருக்குக் காட்டாம உங்க மாமா தடுத்த படம். கார்டு மாறினது உங்களுக்குத் தெரியாது தம்பி. அந்தப் படம் இன்னும் போன்ல இருக்குதா?"

சரத்குமாரின் கை தானாகக் கைப்பேசி இருந்த சட்டைப் பையை மூடியது. அறையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"மாமா… நான் செலவு பண்ணல. பணம் வண்டி டிக்கில அப்டியே இருக்குது" என்றான் கடைசியில். "நம்ம கடை மாமா அது. முகூர்த்தப் பட்டை இவகிட்டக் குடுத்துட்டு என்னைப் பில் போடச் சொன்னீங்க. கூட இருக்கறவனுங்க சிரிக்கறானுங்க."

"அதனால இவளைத் திருடியாக்குவியா?" கண்ணாயிரத்தின் குரலில் கனம் போயிருந்தது. பிறகு, "நாளைலர்ந்து கடைப்பக்கம் வராதே. உங்க அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். வடிவைப் பார்க்காமல் தொடர்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா. சம்பளத்தை ஏத்திக் குடுத்துடறேன். விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். குடும்பப் பேரு பாரு…"

"என் பேரு, மொதலாளி?" என்றாள் வடிவு.

அவர் நிமிர்ந்தார்.

"காலைல என்னை இந்த ரூம்ல வச்சாக் கேட்டீங்க? வெளிய, மெத்தைகிட்ட, வந்த ஜனங்க முன்னாடி டிராயரைக் கொட்டினீங்க. சம்பளம் எனக்கு வேலைக்குக் குடுத்தாப் போதும். சொல்ல வேண்டியதை அதே எடத்துல சொல்லுங்க."

யேசுதாஸ் கைதட்டப் போனார். துர்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாயிரம் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். கடை வாசலில் தென்னேரிக் கல்யாண வீட்டார், மணப்பெண்ணோடு நின்றிருந்தார்கள். பணம் காணாமல் போன செய்தி அவர்கள் காதுவரை போயிருந்தது. பெண்ணின் அப்பா நேராகக் கேட்டார்: "எங்க முன்பணத்தை இங்க யாரோ ஒரு பொண்ணு எடுத்துட்டாளாமே?"

மெத்தையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணு எடுக்கலைங்க" என்றார் கண்ணாயிரம், கடை முழுவதும் கேட்கும்படி. "எங்க வீட்டுப் பையன் எடுத்தான். நான்தான் சரியா விசாரிக்காம இந்தப் பொண்ணு மேல பழி போட்டேன். அது என் தப்பு. உங்க பணம் பத்திரமா இருக்குது. இவங்கதான் எங்க முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்குத் தலைமை. பேரு வடிவு."

"முழுசா சொல்லுங்க மொதலாளி."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு புரிந்துகொண்டார்.

"ஏனாத்தூர் வீராசாமி மக வடிவு" என்றார்.

வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் ஏறி உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை எடுத்து, ஒரே வீச்சில் மணப்பெண்ணின் முன்னே விரித்தாள்.

"பொண்ணு இப்டி வாம்மா" என்றாள். "தோள்ல போட்டுப் பார்க்கலாம்."