இரண்டு கோர், ஓர் அப்பா

சில்வண்டுக்குப் பத்து வயது. வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அப்பா வைத்த பெயர் அது. பெயர் வைத்தவர் இப்போது வேறு ஊரில் தனியாக இருக்கிறார். அவள் பேச்சைக் கேட்க வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மாவும் வேலை முடிந்து வந்தால் பாதிக் கதையிலேயே தூங்கிவிடுவாள்.

கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து, நல்லதா இல்லையா என்று வீடியோவில் சொல்வது அப்பாவின் வேலை. அவர் சொன்னால் ஊரே கேட்கும்.

ஒருநாள் அவரிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு ப்ராசஸர். கம்ப்யூட்டரின் மூளை என்பார்களே, அது.

“இது டூயல் கோர்,” என்றார் அப்பா, வீடியோ அழைப்பில். “ஒரே மண்டைக்குள்ள ரெண்டு மூளைன்னு வெச்சுக்கோ. ரெண்டு கோர் உள்ளதுல இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. கேம் எப்படி ஓடுது, கூடவே வேற வேலை குடுத்தா தாங்குதா, நீதான் பார்த்துச் சொல்லணும்.”

“நானா?”

“நீ விளையாடாத கேமா? உன் தீர்ப்பைத்தான் வீடியோவுல போடப் போறேன்.”

சில்வண்டுக்குத் தலைகால் புரியவில்லை. தீர்ப்புக்காக இல்லை. சோதனை என்றால் அப்பா நெடுநேரம் அழைப்பில் இருப்பார். அவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. முன்பே சொல்லிப் பார்த்து, அவர் காதில் ஏறாத விஷயம்.

பழுதுக்கடை அண்ணன் ப்ராசஸரைப் பொருத்தித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை சோதனை தொடங்கியது. திரையில் கார்ப் பந்தயம். ஓரத்தில் சின்னக் கட்டத்தில் அப்பாவின் முகம். மேலே ஓர் எண். விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று அது காட்டும். எண் கூடினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

“எவ்வளவு வருது?”

“நூத்திப் பத்துப்பா!”

“அடி சக்கை! பின்னாடி ஒரு பாட்டை ஓடவிடு.”

“நூறு.”

“பரவாயில்லையே! வைரஸ் தேடுறதையும் முடுக்கிவிடு.”

அவ்வளவுதான். சேற்றில் சிக்கிய மாடு மாதிரி கார் திணறியது. நின்றது, தாவியது, சுவரில் போய் மோதியது.

“நாப்பது! நொண்டுதுப்பா.”

“நொண்டுதா? எங்க, வளைவுலயா? நேர் ரோட்டுலயா?” அப்பாவின் கண்கள் பளபளத்தன.

இதுதான் சமயம் என்று சில்வண்டு மெதுவாகச் சொன்னாள். “அப்பா, நெட்டை வேற ஸ்கூலுக்குப் போயிட்டா.”

நெட்டை அவளுடைய ஒரே தோழி. ஒரே பெஞ்சு, ஒரே சாப்பாட்டு டப்பா.

அப்பாவின் பார்வை எங்கோ கீழே இருந்தது. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது. “ம்ம்... சூப்பர்டா.”

வேலை அதிகமாகி அழைப்பும் நொண்டுகிறது போல என்று நினைத்தாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். அப்பா ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வது அது. எனவே வைரஸ் தேடுவதை நிறுத்தினாள்.

“அப்பா, தனியாத்தான் சாப்பிடறேன்.”

“நல்லது, நல்லது.”

பாட்டை நிறுத்தினாள். “அப்பா, எங்க மிஸ்ஸை எருமை முட்டிடுச்சு.”

“ரொம்ப சந்தோஷம்.”

பந்தயத்தையும் மூடினாள். இரண்டு மூளையும் சும்மா கிடந்தன. அழைப்பு ஒன்றுதான் பாக்கி.

“அப்பா, அந்த எருமை இப்ப நம்ம கட்டில்ல படுத்திருக்கு.”

“அப்படியா! படுக்கட்டும்.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “விடுடி. எனக்கும் இதே பதில்தான் வரும்,” என்றாள்.

ப்ராசஸர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோளாறு அந்தப் பக்கம்.

அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று சில்வண்டின் கை துறுதுறுத்தது. துண்டித்தால் நெட் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, ஒரு டெஸ்ட் பாக்கி.”

டெஸ்ட் என்றதும் தலை சட்டென்று நிமிர்ந்தது. “சொல்லு!”

“உங்க பக்கம் என்னென்ன திறந்திருக்கு?”

“ஒரு எடிட்டிங், ரெண்டு மெயில், வீடியோவுக்கு வந்த கமெண்ட்ஸ்... அப்புறம் ஒரு மேட்ச்.”

“மேட்ச் வேறயா!”

“சத்தம் இல்லாமத்தாண்டா.”

“எல்லாத்தையும் மூடுங்க.”

அப்பா ஒவ்வொன்றாக மூடினார். ஒவ்வொன்று மூடும்போதும் அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் குறைந்தது. முகச்சவரம் செய்யாத, களைத்த முகம் ஒன்று மிஞ்சியது.

“மூடியாச்சு. இப்ப எவ்வளவு வருது?”

“நெட்டை வேற ஸ்கூலுக்குப் போயிட்டாப்பா. வகுப்புல என்கூடப் பேச யாருமே இல்ல.”

இந்த முறை பதில் தாமதிக்கவில்லை. “எப்போ?”

“போன மாசம்.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன். சூப்பர்னு சொன்னீங்க.”

அப்பா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

“பக்கத்துல இப்ப யாரு உட்கார்றா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல. என் பையை வெச்சிருக்கேன். இடம் காலியாத் தெரியக் கூடாதுல்ல?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த வாரம் நான் அங்க வரட்டுமா?”

“வருவீங்களா?”

அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “தெரியலடா.”

சில்வண்டுக்கு நெஞ்சு கசந்தது. ஆனால் ‘கண்டிப்பா வரேன்’ என்று அவர் சொல்லவில்லை. போன தடவை அப்படிச் சொல்லிவிட்டு வரவே இல்லை. இது அதைவிட மேல்.

பிறகு நெட்டையைப் பற்றிப் பேசினாள். பேசினாள், பேசினாள். நடுவில் அவர் பக்கம் ஏதோ டிங் என்று மணியடித்தது. அவர் கண் அங்கே ஓடியது. ஓடிய கண் திரும்பியும் வந்தது.

“சரி, தீர்ப்பைச் சொல்லு. பதிவு பண்ணிக்கறேன்,” என்றார் அப்பா.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “விளையாட மட்டும்னா தாராளமா வாங்குங்க, குதிரை மாதிரி ஓடும். கூட ஒரு சின்ன வேலை குடுத்தா தாங்கும். எல்லா வேலையையும் ஒரே நேரத்துல இது தலையில கட்டுறதா இருந்தா வாங்காதீங்க.”

“அவ்வளவுதானா?”

“ப்ராசஸருக்கு அவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் டெஸ்ட் முடியலப்பா,” என்று சொல்லிவிட்டு, முதல்முறையாக அவளே அழைப்பை முடித்தாள்.