இரண்டு தட்டு மண்

பேரையூர் மண்ணின் தாகம் உங்களுக்குத் தெரியாது. போன கோடையில் அங்கே சற்று நின்றேன். என் நிழலில் பாதியை உறிஞ்சிவிட்டது. மிச்சப் பாதியோடுதான் பஸ் ஏறினேன்.

அந்த மண்ணைத்தான் வர்ஷினியின் அம்மா ராஜஸ்ரீ மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார். காளவாசல் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் இயற்பியல் ஆசிரியை. ஒரு தட்டில் வெறும் மண். இன்னொன்றில், வயலுக்குப் போடும் ஜிப்சம் கலந்த மண். இரண்டையும் ஆய்வுக்கூட வாசலில் காயவைத்துவிட்டு, நுண்ணலைக் கருவியில் வைத்தார். மைக்ரோவேவ் அடுப்பில் இட்லியைச் சூடாக்கும் அதே வகை அலைதான். மண் அந்த அலையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும்.

வெறும் மண்ணுக்கு மூன்று. ஜிப்சம் மண்ணுக்கு ஒன்பது!

“ஒரு கைப்பிடி ஜிப்சம் இம்புட்டு மாத்துதா! யாருமே கண்டுபிடிக்காததுடி இது!” அம்மா குதிக்காத குறை. மாலை ஐந்துக்குள் முடிவைச் சென்னைக் கருத்தரங்குக்கு அனுப்ப வேண்டும்.

மேலே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். அம்மாவோடு கல்லூரிக்கு வந்திருந்த வர்ஷினி விரலை உள்ளே விட்டாள்.

“அம்மா, இது மட்டும் சில்லுன்னு இருக்கு.”

“ஜிப்சம்னா அப்படித்தான் இருக்கும்.”

“தெரிஞ்சு சொல்றியா, சும்மா சொல்றியா?”

ஆசிரியைகளுக்குப் பிடிக்காத கேள்வி அது.

வர்ஷினி ஒவ்வொரு மண்மீதும் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, தட்டுகளை வெயிலில் வைத்தாள். பத்தே நிமிடம். ஜிப்சம் தட்டின் டம்ளருக்குள் மட்டும் முத்து முத்தாக நீர்!

“ஈரம் இருந்தா எண் ஏறிடுமே! தண்ணி எங்கிருந்துடி வந்துச்சு?” என்றார் அம்மா.

கல்லூரியைப் பெருக்கும் தங்கப்பொண்ணு துடைப்பத்தோடு நின்றார். “நாந்தான் டீச்சர். வாசல்ல மண்ணு காஞ்சு கெடந்தா தெளிக்காம எப்படி? அடுத்த தட்டுக்குப் போறதுக்குள்ள வாளி காலி.” அவர் குரல் இறங்கியது. “என் வேலைக்கு ஏதும் வந்துருமா?”

“உங்க தப்பு இல்லக்கா. ஒரு சீட்டுகூட எழுதி வைக்காம வாசல்ல வச்சது எங்க அம்மா!”

“ஏய்!” என்ற அம்மா சிரித்துவிட்டார். “சரி, என் தப்புதான்.”

இரண்டு மண்ணையும் மெலிதாகப் பரப்பி மூன்று மணி நேரம் காயவைத்தார்கள். மறுபடி கருவியில் வைத்தபோது வெறும் மண் அதே மூன்று; ஜிப்சம் மண் காட்டியது மூன்றே கால்.

“இம்புட்டுத்தானா?” அம்மாவின் முகம் தொங்கியது.

“இந்தக் கால், ஜிப்சம் செஞ்சதாம்மா?”

அம்மா எண்ணை இன்னொரு முறை பார்த்தார். “ஆமாடி. இது ஜிப்சம் மட்டுமே செஞ்சது.”

நாலு ஐம்பதுக்கு அந்த முடிவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பொத்தானை அழுத்தியது வர்ஷினி.