ஒரே ஒரு கருப்பு சைக்கிள்!

ட்ரிங்... ட்ரிங்...!

இறக்கிவிட்ட ஷட்டருக்கு உள்ளே போன் அடித்தது.

வெளியே மழையில் குடை பிடித்து நின்ற கண்ணாடிக்காரருக்கு அது தெளிவாகக் கேட்டது. போன் போட்டதே அவர்தான்.

யாரும் எடுக்கவில்லை.

"விடியக்காலைல வாங்கன்னு சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்சான் இந்த ஆளு?"

அந்த ஆள் எங்கேயும் போகவில்லை!

சைக்கிள் கடைக்காரர் ஷட்டருக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் காற்றடிக்கிற பம்ப். பம்பின் அடிக்கட்டையில் ரத்தம்.

இதெல்லாம் கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. கடை வைத்து ஊர்க் கண்ணுக்கெல்லாம் நம்பர் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவர்தான். ஆனாலும் ஷட்டரைத் துளைத்துப் பார்க்க முடியுமா, பாவம்!

முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி, பல் டாக்டர், கழுத்து வரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருக்க நேரமாகும். அந்த நேரம்தான் இவருக்கு ராஜயோகம்.

ஏன் என்கிறீர்களா?

மனிதருக்கு சைக்கிள் பைத்தியம். வீட்டு பால்கனியில் நிற்பது ஒன்று. இரண்டு தெரு தள்ளி, வாடகை ஷெட்டில் பூட்டி வைத்திருப்பது ஐந்து. எல்லாமே கருப்பு! எதை வீட்டுக்கு ஓட்டி வந்தாலும் மனைவிக்கு அது "அந்த சைக்கிள்"தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் வருஷக்கணக்காக மறைத்து வந்தார்.

இன்று வரவேண்டியது ஏழாவது.

*

முற்பகலில் காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர்!

"சைக்கிள் கடைக்காரரைத் தெரியுமா சார்?"

"தெ... தெரியும். ஏன் சார்?"

"யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. அவர் போன்ல கடைசியா வந்தது உங்க நம்பர்."

கண்ணாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த ஷட்டர்... உள்ளே அடித்த போன்... ஐயோ, நாம் வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே...!

"எதுக்குப் போன் பண்ணீங்க?"

கையில் டீயோடு அடுப்படியிலிருந்து மனைவி வந்துகொண்டிருந்தாள். ஏழாவது சைக்கிள் என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்து, அவளைப் பார்த்ததும் திரும்பி உள்ளேயே போய்விட்டது.

"ப்ரேக்... ப்ரேக் சரியில்ல சார். அதான்..."

"பின்பக்கச் சந்துல ஒருத்தர் பார்த்திருக்காரு. ரெயின்கோட், ஹெல்மெட், கருப்பு சைக்கிள். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலையாம். கைரேகை சுத்தமா இல்ல. உங்க சைக்கிள் என்ன கலர்?"

"கரு... கருப்பு."

இன்ஸ்பெக்டர் பால்கனிக்குப் போனார். குனிந்து டயரைத் தடவினார். விரலில் காய்ந்த தூசி ஒட்டியது.

"மழைல போன வண்டி இது இல்ல. வேற சைக்கிள் வச்சிருக்கீங்களா?"



திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் கண்ணாடிக்காரர். ஆமாம் என்றால் மனைவி. இல்லை என்றால் போலீஸ். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி நிச்சயம்!

மனைவி டீயை நீட்டினாள்.

"ஒண்ணுதான் சார். இதுக்கே இவர் கொடுக்கிற செல்லம் தாங்கல. காலைலேர்ந்து இவர் வெளியவே போகல. போன்கூட என் பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் போட்டார்."

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார்.

"அப்படியா சார்?"

தலை தானாக ஆடியது. "ஆ... ஆமா சார். ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தப்பட்டதும் அவர் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா... நான் காலைல வெளிய போயிருந்தேனே?"

"தெரியும். வாக்கிங்தானே போனீங்க? அதச் சொன்னா போலீஸ் நோண்டி நோண்டிக் கேக்கும். எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. அது போதாதா?"

நம்பிக்கை!

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் உடைந்துபோனார். போலீஸிடம் பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றியவளிடம் இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறோமே என்று அவருக்கு அழுகை வந்தது. இன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அவள் திட்டட்டும், அடிக்கட்டும், ஆறையும் விற்கச் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கருப்பு சைக்கிள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

*

மத்தியானம். மழை விட்டிருந்தது.

ஷெட் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

ஐந்தும் இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டவர், பாதி மூச்சில் நின்றார்.

கடைசி சைக்கிள்... ஈரம்!

டயர் முழுக்கச் சேறு. ஹேண்டில்பாரில் பழுப்பாக ஒரு கறை. தொட்டுப் பார்க்காமலே அது என்னவென்று தெரிந்தது.

அதைவிட அவரை உலுக்கியது இன்னொன்று.

சீட்!

தன் சைக்கிள்களின் சீட் உயரம் அவருக்கு மனப்பாடம். பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவது போல அளந்து அளந்து வைத்த உயரம். அது நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. தன்னைவிடக் குள்ளமான யாரோ ஓட்டியிருக்கிறார்கள். தன் தோள் உயரமே இருக்கிற யாரோ...

தோள் உயரம்...

"சீட்ட ஏத்தி வைக்க மறந்துட்டேங்க."

பின்னால் குரல்!

திரும்பினார். மனைவி ஷெட் வாசலில் நின்றாள். அவள் கையிலும் ஒரு சாவி.

"நீ... நீயா? இந்தச் சாவி உனக்கு ஏது?"

"உங்க சாவி கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கும். நீங்க குளிக்கப் போனப்போ, பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவுல அதுக்கும் ஒரு அச்சு எடுத்துட்டேன். சொத்தைப் பல்லவிட சுலபமா இருந்துச்சு."

"உனக்கு... சைக்கிள் ஓட்டத் தெரியாதே!"

"தெரியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டீங்க. பள்ளிக்கூடத்துக்கு தினம் சைக்கிள்ல போனவ நான். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. சக்கரம், செயின், கியர் என்று எதை எதையோ தேடித் தேடித் தெரிந்துகொண்ட மனிதர், பக்கத்தில் படுத்திருந்தவளைப் பற்றி இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா. பொய் சொல்லிட்டு எங்கயோ போறீங்களேன்னு பின்னாலயே வந்தேன். வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன். இருந்திருந்தாக்கூடத் தேவலை. அவ குடுமியப் புடிச்சுச் சண்டை போட்டிருக்கலாம். சைக்கிளோட என்னன்னு சண்டை போடறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே..."

"நீங்களே சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நேத்து, ஏழாவது வருதுன்னு போன்ல குசுகுசுன்னு பேசினீங்க. இதுக்கு மேல தாங்காதுன்னுதான் கடைக்காரர்கிட்ட போனேன். காலைல நீங்க நடந்து கிளம்பினீங்க. நான் இங்க வந்து இத எடுத்துக்கிட்டேன். குடைக்கும் அடங்காத மழை, நீங்க டீக்கடைல ஒதுங்கினத வழியில பார்த்தேன். நான் ஒதுங்கல."

"கொல்லணும்னா போனே?"

"ஐயோ, இல்லங்க! பின்வாசல் வழியாக் கெஞ்சத்தான் போனேன். அண்ணே, இனிமே அவருக்கு விக்காதீங்கன்னு அழுதேன். அந்தாளு சிரிச்சான்."

அவள் குரல் முதல் தடவையாக நடுங்கியது.

"சிரிச்சதுக்கா?"

"சிரிச்சதுக்கு இல்ல. சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னான். 'எம் பொண்டாட்டி ஊர் வாயெல்லாம் திறந்து பார்ப்பா, எதிர்ல நிக்கிற சைக்கிளப் பார்க்க மாட்டா. கருப்பு அடிச்சிருந்தா போதும், அசடு நம்பிடும்'... உங்க வீட்டுக்காரர் இங்க உக்காந்து இதச் சொல்லித்தாம்மா எங்களச் சிரிக்க வைப்பாருன்னான். நீங்க சொன்னதுதானே?"

 அவர் சொன்னதுதான். ஒவ்வொரு தடவையும் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

"பம்ப் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. கிரீஸ் படும்னு க்ளவுஸ் வேற போட்டிருந்தேன்."

"வா... போலீஸ்ல போய்ச் சொல்லிடலாம். நானும் கூட வரேன். ஆத்திரத்துல நடந்துபோச்சுன்னு..."

"சொல்லுங்களேன். இது யார் சைக்கிள்? உங்களுது. ஷெட் யார் பேர்ல? உங்க பேர்ல. ஷட்டர் வரைக்கும் போனது யாரு? கடைசிப் போன் யாருது? எல்லாத்துக்கும் மேல, ஒண்ணுதான் இருக்குன்னு இன்ஸ்பெக்டர் முன்னால தலையாட்டினது யாரு?"

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

காலையில் அவரைக் காப்பாற்றிய பொய்! அது அவருக்காகச் சொன்னதே இல்லை. அவர் பக்கத்தில் படுத்திருந்தார் என்றால், அவர் பக்கத்தில் அவளும் படுத்திருந்தாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! இனி அவளைக் காட்டிக்கொடுத்தாலும் அவர்தான் மாட்டுவார். அவர் சொல்கிற உண்மையை எவன் நம்புவான்?

ட்ரிங்... ட்ரிங்...!

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்!

எடுத்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். பெரிசா ஒண்ணுமில்ல. உங்ககிட்ட அந்த ஒரு சைக்கிள் மட்டும்தானே? கேஸ் கட்டுல எழுதணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்குமுன் நோயாளியைப் பார்க்கிற பொறுமை மட்டும் இருந்தது.

சொல்லிவிடலாமா?

உதடு பிரிந்தது... ஒட்டிக்கொண்டது... மறுபடி பிரிந்தது.

"ஒண்ணு... ஒண்ணே ஒண்ணுதான் சார்..."

போன் அணைந்தது. அவர் சேற்றுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஷெட் கதவை உள்ளே தாழிட்டாள். மூலையில் கிடந்த பழைய துணியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவர் மடியில் போட்டாள்.

"ம்... எழுந்திருங்க. கறை கெட்டிப்படறதுக்குள்ள சுத்தமாத் துடைங்க பார்க்கலாம். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, உங்களுக்கு இதவிட வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"