செய்திகள் வாசிப்பது தேவிப்ரியா

கௌசியாவின் சீருடையில் ஓர் அட்டை குத்தியிருந்தது. ‘நிகழ்ச்சிப் பொறுப்பாளர்’ என்று அவளே எழுதியது. ராசிபுரத்தில் அவள் படிக்கும் பள்ளியில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண், ஏழாம் வகுப்பு கௌசியாதான். காலையிலிருந்து அட்டையைப் பதினோரு தடவை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

உள்ளூர் கேபிள் டிவியில் ஞாயிறுதோறும் ஒரு பள்ளியின் செய்திகள் வரும். இந்த வாரம் இவர்களுடைய முறை. வாசிக்கப் போவது தேவிப்ரியா. பத்துப் பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கௌசியா தேர்ந்தெடுத்தது அவளைத்தான். ஓர் இடத்தில்கூடத் திணறவில்லை!

கேமராக்காரர் சின்னராஜ் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டினார். அதன் முன்னால் தேவிப்ரியாவை உட்கார வைத்தார். கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஏஞ்சாமி, கொஞ்சம் செவப்பா வேற புள்ள இல்லையா? இது கறுப்பா இருக்குது. டிவியில எடுக்காது.”

தேவிப்ரியா கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்தால் போய்விடுமா என்ன? பிறகு எழுந்துகொண்டாள்.

கௌசியாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளும் கறுப்புதான். போன வருடம் செய்தி வாசிக்க வந்தவள், இதே பேச்சைக் கேட்டுத்தான் வாயை மூடிக்கொண்டு மைக் வயரைப் பிடிக்கப் போனாள். வீட்டுக்குப் போய் அழுதாள். இன்றைக்கு அழுவதாக இல்லை.

“அண்ணா, தேவிப்ரியாதானுங்க வாசிப்பா.”

“மொகம் தெரியலைன்னா என்னையத்தான கண்ணு திட்டுவாங்க?”

“தெரியற மாதிரி எடுங்க. அது உங்க வேலைதானுங்களே?”

சின்னராஜ் சிரித்துவிட்டார். “சரி, பத்து நிமிசம் தாரேன். அதுக்குள்ள மொகம் தெரியோணும். இல்லைன்னா வேற புள்ளதான்.”

கௌசியா யோசித்தாள். “அண்ணா, நீங்க ஒருக்கா அந்த நாற்காலியில உக்காருங்க.”

சின்னராஜ் நல்ல சிவப்பு. மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கௌசியா கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி பளபளத்தது. அதன் முன்னால் சின்னராஜின் முகம் மங்கிக் கிடந்தது.

“அண்ணா, நீங்களும் தெரியலீங்க!”

அவர் எழுந்து ஓடிவந்து பார்த்தபோது, திரையில் வெறும் நாற்காலிதான் தெரிந்தது. தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குறை துணியின் வெளுப்பில்தான் இருந்தது. கௌசியா அதைக் கழற்றிவிட்டு, மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியைக் கட்டினாள். அறிவியல் கண்காட்சியில் மிச்சமான தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தைத் தேவிப்ரியாவின் முகத்துக்குத் திருப்பினாள்.

திரையில் தேவிப்ரியா பளிச்சென்று வந்தாள். அதே கறுப்பு நிறம். அழகாக இருந்தாள்.

சின்னராஜ் தலையைச் சொறிந்தார். “பதினெட்டு வருசமா கல்யாணத்துக்குப் படம் புடிக்கறேன். பொண்ணு கறுப்பா இருந்தா பவுடரை அப்பச் சொல்லுவேன். லைட்டைத் திருப்போணும்னு ஒருநாளும் தோணல.” தேவிப்ரியாவிடம் திரும்பினார். “தப்பாச் சொல்லிப்போட்டேன் சாமி. நீ வாசி.”

தேவிப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்த்தது.

திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கௌசியாவின் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, நானும் டிவியில வாசிக்கலாங்களா? நானும் கறுப்புங்க.”

“அதை யாரு கேட்டா? எங்க, ‘வணக்கம்’ சொல்லு பார்க்கலாம்.”

சிறுமி மூச்சை இழுத்து, “வணக்கம்!” என்றாள்.

பக்கத்து வகுப்பில் நாற்பது பேர், டீச்சர் வந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்கள்.